இலண்டனிலிருந்து பாரிசுக்கு

இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இது கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சற்றே அதிகம். எனினும், இவ்விரு நகரங்களுக்கிடையே ஆங்கிலக் கால்வாய் என்னும் கடல் குறுக்கிடுகிறது. அதைக் கடக்கும் வழியைப் பொறுத்தே பயணத்தின் செலவும் நேரமும் அமைகின்றன.

விமானம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடும். பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட இந்த நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். இலண்டனின் விமான நிலையங்கள் நகர மையத்திலிருந்து தள்ளியே உள்ளன. பாரிசின் சார்லஸ் டி கோல் விமான நிலையமும் அப்படித்தான். அங்கிருந்து நகருக்குள் செல்ல மீண்டும் இரயில் ஏற வேண்டும். சோதனைக்கும் பயணப்பெட்டிக்கும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், அரைநாள் கழிந்துவிடும்.

யூரோஸ்டார் இரயில் இலண்டனின் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு, பாரிசின் கார் து நோர் நிலையத்தை ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரத்தில் அடைகிறது. இரண்டு நிலையங்களும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியே இந்த இரயில் கடலைக் கடக்கிறது. சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் உள்ளது. வெளியே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் இரயில், சுரங்கத்துக்குள் 160 கிலோமீட்டராக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடலடியில் மீன்களைக் காணலாம் என்று எதிர்பார்க்க வேண்டா. சன்னலுக்கு வெளியே இருட்டுதான்!

இரு நாடுகளின் கடப்பிதழ்ச் சோதனையும் இலண்டனிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே, இரயில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே நிலையத்தில் இருப்பது நல்லது. பாரிசில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்த வேண்டும். நிலையத்துக்கு அருகிலுள்ள லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் காணலாம்.

இரயில் கட்டணம் கடைசி நேரத்தில் மிகவும் உயர்ந்துவிடும். கையில் பணம் குறைவாக உள்ள மாணவர்களுக்குப் பேருந்தே கைகொடுக்கும். எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம் அது. சில பேருந்துகள் டோவர் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றப்பட்டு, ஒன்றரை மணி நேரத்தில் கலே துறைமுகத்தை அடைகின்றன. இரவுப் பேருந்தில் சென்றால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம். ஆனால், நள்ளிரவில் உறக்கம் கலைந்து இறங்கி, கடப்பிதழுடன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பாட்டியையும் உடன் அழைத்துச் செல்பவர்கள் இரயிலுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்வது நல்லது.