முதல் டிஜிட்டல் பியானோ: திருப்பூர் வீடுகளுக்கு

1. 88 கட்டைகளும், சுத்தியல் பொறியமைப்பால் அவற்றுக்கு எடையும் கொண்ட யமஹா பி-45, கேசியோ சிடிபி-எஸ்110 போன்ற தொடக்கநிலைக் கருவிகளை வாசித்துப் பார்க்கவும். எடையற்ற 61 கட்டைக் கீபோர்டில் மட்டும் பழகிய விரல் உண்மைப் பியானோவில் தடுமாறும்.

2. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையான பாலிஃபோனி 64க்குக் குறையாததைத் தேர்ந்தெடுக்கவும். மிதியை அழுத்தி வாசிக்கையில் முந்தைய சுரங்கள் எளிதில் அறுபடா.

3. ஹெட்போன் இணைப்பு அவசியம். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்க வேண்டும்.

4. நிட்டிங் கூடங்களின் பஞ்சுத் தூசி வீட்டுக்குள்ளும் படிவதால், வாசித்ததும் உறையிட்டு மூடவும். பிசிறு உதிர்க்கும் பனியன் வேஸ்ட் கொண்டு துடைத்தல் கூடவே கூடாது, ஏனெனில் கட்டையிடுக்கில் இறங்கும் பிசிறு அழுத்தத்தை உணரும் ரப்பர் தொடுமுனைகளில் படிந்து, சில கட்டைகளை ஊமையாக்கிவிடும்.