யாரை எடுப்பது? டிராஃப்ட் வாதங்களின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

1999 ஏப்ரலில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட் (புது வீரர் தேர்வு) நடந்தது. பிலடெல்பியாவிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஈகிள்ஸ் ரசிகர்கள் வந்திறங்கினார்கள். வானொலித் தொகுப்பாளர் ஒருவர் திரட்டி அனுப்பிய கூட்டம் அது. அவர்கள் கேட்டது ஒரே ஒருவரை: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் ரிக்கி வில்லியம்ஸ். பந்தை ஏந்தி ஓடுவதில் கல்லூரி ஆட்டத்தின் பழைய சாதனையை அப்போதுதான் முறியடித்திருந்தார். நகர மேயர் எட் ரெண்டலே அவருக்காகக் குரல் கொடுத்திருந்தார். ஆனால் இரண்டாவது வாய்ப்பைக் கையில் வைத்திருந்த ஈகிள்ஸ் அறிவித்த பெயர், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டானவன் மெக்நாப். சிறுவயது முதல் கனவு கண்ட மேடையில் ஏறிய அந்த 22 வயது இளைஞரை, இனி அவர் யாருக்காக ஆடப்போகிறாரோ அந்த ஊர்க்காரர்களே ஊளையிட்டுத் தூற்றினார்கள்.

இந்த விளையாட்டைப் பின்தொடராதவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரியிலிருந்து வரும் வீரர் தன் அணியைத் தானே தேர்ந்துகொள்ள முடியாது. ஐ.பி.எல். ஏலம்போல அணிகள் பணத்தை அள்ளி வீசி அவரை வாங்கவும் முடியாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள்; போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. தோற்றவருக்கு முன்னுரிமை என்ற இந்த முறை 1936இல் தொடங்கியது. தோற்றுத் தோற்றுச் சலித்த ஊர்களுக்கு அடுத்த ஆண்டைப் பற்றிய நம்பிக்கை இந்த ஒரு நாளில்தான் பிறக்கிறது. 2024இல் டெட்ராய்ட்டில் டிராஃப்ட் நடந்தபோது மூன்று நாட்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஒரு பந்துகூட வீசப்படாத நிகழ்ச்சிக்கு இத்தனை கூட்டம். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அதைச் சுற்றிப் படிந்துவிட்ட சில நம்பிக்கைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"ரசிகனுக்கு என்ன தெரியும், எல்லாம் நிர்வாகத்துக்குத்தான் தெரியும்"

மெக்நாப் கதையை முடிக்கும் எல்லோரும் இந்த இடத்தில்தான் கொண்டுவந்து முடிக்கிறார்கள். மெக்நாப் ஈகிள்ஸை ஐந்து முறை லீக்கின் ஒரு பாதியான என்.எஃப்.சி.யின் இறுதிப்போட்டிக்கும், ஒருமுறை லீக்கின் மாபெரும் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கும் அழைத்துச் சென்றார் என்பது உண்மை. ஆனால் அந்த நாளில் வில்லியம்ஸுக்காகப் பித்துப் பிடித்தவர்களில் பெரியவர் பேருந்தில் வந்த ரசிகர் எவரும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் பயிற்சியாளர் மைக் டிட்கா. சூப்பர் பவுல் வென்று அனுபவப்பட்டவர். ஐந்தாவது இடத்துக்கு ஏறி வில்லியம்ஸை எடுப்பதற்காக அந்த ஆண்டின் மற்ற வாய்ப்புகள் அத்தனையையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று வாய்ப்புகளையும் வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார். செயின்ட்ஸ் அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. டிட்காவின் வேலை போனது. இத்தனைக்கும் வில்லியம்ஸ் மோசமான வீரர் அல்லர். 2002இல் மயாமிக்காக ஆடி, பந்தை ஏந்தி ஓடி லீக்கிலேயே அதிக கஜங்கள் எடுத்தவர்.

ரசிகர்கள் சரியாகச் சொன்ன நாட்களும் உண்டு. 1995இல் நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்கள் அரங்கம் அதிர வாரன் சாப்பைக் கேட்டார்கள். நிர்வாகம் ஒன்பதாவது வாய்ப்பில் கைல் பிரேடி என்ற டைட் எண்டை எடுத்தது. பன்னிரண்டாவதாகத் தம்பா பேவுக்குப் போன சாப் சூப்பர் பவுல் வென்று, 2013இல் ஹால் ஆஃப் ஃபேமிலும் நுழைந்தார். 2020இல் ஈகிள்ஸ் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவர்) எடுத்தது. அதற்கு அடுத்த வாய்ப்பிலேயே மினசோட்டா வைக்கிங்ஸ் ஜஸ்டின் ஜெபர்சனை எடுத்துக்கொண்டது. இந்த முறை வருந்த வேண்டியவர்கள் நிர்வாகத்தார்.

டாம் பிரேடியை 2000இல் 199ஆவது ஆளாக எடுத்த நியூ இங்கிலாந்தின் கண்கூர்மையைப் பலரும் புகழ்வார்கள். அவருக்கு முன் அதே அணி வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. ஏழு சூப்பர் பவுல் வெல்லப்போகிறவர் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் ஆறாம் சுற்று வரை விட்டுவைப்பார்களா?

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் பல ஆண்டு டிராஃப்ட் விவரங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒரே நிலையில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இத்தனை ஒளிப்பதிவு, நேர்காணல், மருத்துவச் சோதனைக்குப் பிறகும் அவ்வளவுதான். ஆகவே ரசிகனும் மேலாளரும் செய்யும் தவறு ஒன்றேதான்: "இந்தப் பையன்தான்" என்று ஒரே ஆளின்மீது எல்லாவற்றையும் கட்டுவது. ஒரு படி மேலே ஏறுவதற்கு நான்கு வாய்ப்புகளை விற்கும்போது அணி இழப்பது நான்கு முயற்சிகளை. 2017இல் சிகாகோ பேர்ஸ் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற மூன்று கூடுதல் வாய்ப்புகளைக் கொடுத்து மிட்செல் டிரூபிஸ்கியை எடுத்தது. பத்தாவது இடம் வரை காத்திருந்து, பிறகு பெரும் நட்சத்திரமான குவார்ட்டர்பேக்கின் பெயர் பாட்ரிக் மஹோம்ஸ்.

எந்த அணி ரசிகனும் கோபப்பட நியாயமான இடம் இதுதான் என்பது என் கருத்து. யாரை எடுத்தார்கள் என்பதைவிட, எடுப்பதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

"வேகத்தைப் பார், எல்லாம் தெரியும்"

ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் 'கம்பைன்' என்ற உடற்திறன் சோதனை நடக்கும். 40 கஜ ஓட்டம், உயரத் தாண்டல், பளு தூக்கல். கடிகாரம் காட்டும் எண்ணைக் கண்டவுடன் ஒரு பெயர் பட்டியலில் மளமளவென்று ஏறும். 2017இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி ஒன்பதாவதாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. 2008இல் உடற்கட்டைக் கண்டு எல்லோரும் மயங்கிய வெர்னன் கோல்ஸ்டனை ஜெட்ஸ் ஆறாவதாக எடுத்தது. எதிரணிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதுதான் அவர் வேலை, என்.எஃப்.எல்.லில் ஆடிய காலம் முழுவதிலும் அவர் கணக்கில் அப்படி ஒரு சாய்ப்புகூட இல்லை.

ஜெரி ரைஸின் கதை இதற்கு நேர்மாறு. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறு கல்லூரிக்காரர். வேகம் போதாது என்ற பேச்சு அவரைச் சுற்றி இருந்தது. 1985இல் வேறு இரண்டு ரிசீவர்கள் போன பிறகு 16ஆவதாக சான் பிரான்சிஸ்கோ எடுத்தது. 22,895 கஜங்கள் பிடித்து முடித்தார். அதை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. கடிகாரம் நேர்கோட்டு ஓட்டத்தைத்தான் அளக்கிறது. தன்னைக் காக்கும் எதிராளி எந்தக் காலை ஊன்றுகிறான் என்று கவனித்து, அந்த நொடியில் திரும்பும் அறிவை அது அளக்காது.

"காலியான இடத்துக்குத்தான் ஆள் எடுக்க வேண்டும்"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலியான இடம் இந்த ஆண்டுக்கு உரியது; எடுக்கப்படும் இளைஞர் நான்கைந்து ஆண்டுகளுக்கு உரியவர்.

2005இல் கிரீன் பே பேக்கர்ஸில் பிரெட் ஃபாவ்ர் அசைக்க முடியாத குவார்ட்டர்பேக். அன்று முதல் ஆளாகக்கூடப் போகலாம் என்று பேசப்பட்ட ஆரோன் ராட்ஜர்ஸ், காத்திருப்பு அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பெயர் பெயராக அழைக்கப்பட்டது. உடன் காத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். கேமரா திரும்பத் திரும்ப அவர் முகத்துக்கே வந்தது. கடைசியில் 24ஆவதாக, ஆளே தேவைப்படாத பேக்கர்ஸ் எடுத்தது. மூன்று ஆண்டுகள் பெஞ்சில் இருந்தவர், பிறகு ஒரு சூப்பர் பவுலையும் ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருதுகள் நான்கையும் வென்றார். 2020இல் அதே அணி அதே வேலையை ராட்ஜர்ஸுக்கே செய்தது: ஜோர்டன் லவ். ஒரு படி தள்ளி நின்று சூப்பர் பவுலைத் தவறவிட்ட அணிக்கு ரிசீவர் வேண்டும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராட்ஜர்ஸ் இருந்த மிச்சக் காலத்தில் கிரீன் பே சூப்பர் பவுலுக்குப் போகவே இல்லை. ஆனால் ராட்ஜர்ஸ் விலகிய 2023இல் லவ் தயாராக இருந்தார். அந்தப் பருவத்தின் பிளேஆஃபில் டாலஸ் மண்ணிலேயே கௌபாய்ஸை 48–32 என்று வீழ்த்தினார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்த வாதம் அது.

"மறுநாளே மதிப்பெண் போட்டுவிடலாம்"

முடியாது. பத்திரிகைகள் போடும் ஏ, பி, சி எல்லாம், அவர்கள் முன்பே எழுதிவைத்த பட்டியலோடு அணியின் தேர்வு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் காட்டுகின்றன. மூன்று பருவங்களாவது போகட்டும்.

"தோற்றுப்போனவன் தகுதியில்லாதவன்"

என்னை அதிகம் வருத்துவது இந்த நம்பிக்கைதான். 'பஸ்ட்' (எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர்) என்ற முத்திரையை 23 வயதுப் பையன் நெற்றியில் குத்திவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் போவதில்லை.

ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2002இல் பிறந்த அணி. தன் முதல் டிராஃப்டின் முதல் ஆளாக குவார்ட்டர்பேக் டேவிட் கார்ரை எடுத்தது. அவருக்கு முன் நின்று காக்க வேண்டிய தடுப்பு வரிசை உருப்படியாக இல்லை. முதல் பருவத்திலேயே அவர் 76 முறை சாய்க்கப்பட்டார். லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் வேறு யாரும் அத்தனை அடி வாங்கியதில்லை. அந்த இடத்தில் மெக்நாபை நிறுத்தியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சாம் டார்னால்டை 2018இல் மூன்றாவதாக எடுத்தது ஜெட்ஸ். மூன்று பருவங்களில் கைகழுவியது. கரோலினா வாங்கி அதுவும் விட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்று ஆளாக இருந்தார். 2024இல் மினசோட்டா அவரைக் குறுகிய ஒப்பந்தத்தில் கொண்டுவந்தபோது, அந்த ஊர் ரசிகர்களின் கண்ணெல்லாம் அதே ஆண்டு டிராஃப்டில் பத்தாவதாக வந்த ஜே.ஜே. மெக்கார்த்திமீது. பருவம் தொடங்குமுன்னே மெக்கார்த்தியின் முழங்கால் அடிபட்டு, ஆண்டு முழுதும் ஆட முடியாமல் போனது. பந்து டார்னால்டின் கைக்கு வந்தது. எறிந்த பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெபர்சன் இருந்தார்; ஆட்டத்தை வகுக்கக் கெவின் ஓ'கானல் என்ற பயிற்சியாளர் இருந்தார். 35 டச்டவுன் எறிந்தார். 17 ஆட்டங்களில் மினசோட்டா 14இல் வென்றது.