ரேடியோவிலேயே சொல்லிட்டான்

அப்பா கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பது காலை 7.15 மணிச் செய்தியை வைத்துத்தான். மர்பி ரேடியோவின் குமிழைத் திருகினால் வீடே அமைதியாகிவிடும். "ரேடியோவிலேயே சொல்லிட்டான்" என்றால் எங்கள் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை.

1984 அக்டோபர் 31 அன்று காலை 9 மணிக்கு மேல் இந்திரா காந்தி சுடப்பட்டார். வெளிநாட்டு வானொலிகள் பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டன. நம் அரசு வானொலி மாலை 6 மணிக்குத்தான் அறிவித்தது. கலவரம் வந்துவிடக் கூடாதே என்று பொறுத்திருப்பார்கள் என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

பிறகு, 90களில் ஒரு கோடை. குடிநீர் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு மறியல் செய்தார்கள். அம்மாவும் போயிருந்தார். மாலை மாநிலச் செய்தியில் ஊர்ப் பெயர் வந்தது. அமைச்சர் புதிய கட்டடத்தைத் திறந்து வைத்தாராம். அவ்வளவுதான். வெயிலில் கன்றிய முகத்தோடு அம்மா கேட்டார்: "ஏங்க, அப்ப நாங்க ரோட்டுல உட்கார்ந்தது நடக்கவே இல்லையா?" அப்பா பதில் சொல்லாமல் ரேடியோவை அணைத்தார்.

வாசித்ததில் பொய் எதுவும் இல்லை. விட்டதில்தான் எல்லாமே இருந்தது.

அன்றுமுதல் செய்தி கேட்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு செய்தியும் எந்தச் சொல்லில் முடிகிறது என்று குறிப்பேன். தெரிவித்தார், வலியுறுத்தினார், தொடங்கி வைத்தார். பேசியவர் இருப்பார், பாதிக்கப்பட்டவர் இருக்க மாட்டார். ஒரு வாரம் நீங்களும் எழுதிப் பாருங்கள், காது பழகிவிடும். உங்கள் ஊர்ச் செய்தி வரும் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். நேரில் கண்டதோடு ஒப்பிட அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

இன்னொரு வானொலியையும் கேளுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இங்கே அனுமதியில்லை. அதனால் நான் இரண்டு நாளிதழ்களைச் சேர்த்துப் படிக்கிறேன்.

புயல் நேரத்தில் இன்றும் அரசு வானொலியைத்தான் திருப்புகிறேன். மின்சாரமும் செல்போன் கோபுரமும் போன இரவில் வேறு துணை ஏது? அது நம் வரிப்பணத்தில் நடக்கிறது. உங்கள் ஊரில் நடந்ததை அது விட்டுவிட்டால், தேதி போட்டு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.