கடைசல் பெட்டியில் உள்ள வியாபாரம்
குண்டசாலைக் கைத்தொழில் தரும் பாடங்கள்

கண்டியிலிருந்து திகன செல்லும் வீதியில் நாளாந்தம் போய் வரும் நமது வியாபாரிகளில் பலருக்கு, குண்டசாலைப் பிரதேசத்தில் மெனிக்கின்னவை அண்டிய ஹுரிகடுவ கிராமம் வெறும் பெயர்ப்பலகை மட்டுமே. ஆனால் அரக்குப் பூசிய கடைசல் மரப் பொருட்களுக்கு அந்தக் கிராமம் பெயர் பெற்றது. சிங்கள மக்கள் இதனை 'லாக்ஷா' தொழில் என்பர். சிறு பெட்டிகள், சிமிழ்கள், கைப்பிடிகள், விசிறிக் காம்புகள் எனப் பலவும் இம்முறையில் உருவாகின்றன. இவற்றை வாங்கி விற்போருக்கும், இத்துறையில் முதலிட எண்ணுவோருக்கும் பயன்படும் சில விடயங்களை என் வியாபார அனுபவத்துடன் சேர்த்து இங்கு தருகிறேன்.

தொழிலின் பின்னணி

1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திர சிங்கன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தவன். கண்டி மன்னர் காலத்தில் கைவினைஞர் அரச சேவைக்கு ஈடாக நிலம் பெற்றனர். நிலம் சோறு போட்டது. கை கலையைக் காத்தது. அந்த ஏற்பாடு மறைந்த பின் கைவினைஞனுக்கு எஞ்சிய ஆதாரம் வாங்குபவன்தான். ஆகவே, நாம் கொடுக்கும் விலை தொழில் நிலைப்பதையும் தீர்மானிக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலில் இந்த அரக்கு வேலையையும் விபரித்துள்ளார்.

செய்முறையை அறிந்து கொள்வோம்

அரக்கு என்பது ஒரு வகைப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அதனை உருக்கி, நிறம் சேர்த்துக் குச்சிகளாக்குவர். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மீது அந்தக் குச்சியை அழுத்தும்போது உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பின்னர் காய்ந்த ஓலைத் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். தூரிகையோ, காயவைக்கும் நேரமோ தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிடவில் நடக்கும் 'நியபொது' வேலை வேறு வகை. அங்கு அரக்கை நூல் போல் இழுத்து, நகத்தால் வெட்டிப் பதிக்கின்றனர். கடையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்து ஒரே விலை சொல்வது தவறு. உழைப்பு வேறு, விலையும் வேறாக இருக்க வேண்டும்.

அலங்காரக் கடைசல் என்றால் என்ன?

சாதாரண கடைசலில் மரம் சுழல, உளி அசையாமல் வெட்டுகிறது. அதனால் வளையங்களும் உருண்டைகளுமே கிடைக்கும். அலங்காரக் கடைசலில் மரத்தை நிறுத்தி வைத்து, சிறு வெட்டுமுனையைச் சுழல விடுவர். ஒரு வெட்டு முடிந்ததும் மரத்தை அளவாகத் திருப்பி அடுத்த வெட்டை வெட்டுவர். இதற்கான பெரிய இயந்திரங்களை இலண்டனில் ஹோல்ட்சாப்பெல் நிறுவனம் 1794ஆம் ஆண்டு முதல் தயாரித்து வந்தது. அவை செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்தன.

நமக்கு அந்தப் பெரிய இயந்திரம் அவசியமில்லை. அதன் இரகசியம் துளைத் தட்டில் உள்ளது. கடைசல் இயந்திரத்தின் அச்சில் 96 துளைகள் கொண்ட தட்டொன்றைப் பொருத்துங்கள். ஒரு முள் துளையில் அமர்ந்து மரத்தை அசையாமல் பிடிக்கும். 4 துளைகளுக்கு ஒரு தடவை வெட்டினால் 24 வரிகள். 8 துளைகளுக்கு ஒரு தடவை வெட்டினால் 12 வரிகள். 5 துளைகளுக்கு ஒரு தடவை வெட்டினால் 96 மீதியின்றி வகுபடாது. தொடங்கிய இடத்தில் முடிவு சேராது. எனவே தட்டைப் பார்த்தே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு சிறிய கைமோட்டாரும் அதை உறுதியாகப் பிடிக்கும் தாங்கியும் இருந்தால் ஊர்ப் பட்டறையிலேயே ஆரம்பிக்கலாம்.

இதை அரக்குடன் இணைக்க முடியும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஹாலா நகரக் கைவினைஞர் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல நிற அரக்கைப் பூசி, மேற்படையைக் கீறி அடியிலுள்ள நிறத்தைத் தெரியச் செய்கின்றனர். நம்மூரில் கறுப்பின் அடியில் சிவப்பைப் பூசி, துளைத்தட்டின் உதவியால் வெட்டினால் புதியதொரு பெட்டி கிடைக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மரத்தின் ஈரம். பச்சை மரத்தில் கடைந்த பெட்டி, குளிர் நாட்டில் சூடேற்றப்பட்ட வீட்டுக்குள் போனதும் சுருங்கும். மூடி இறுகும் அல்லது வெடிக்கும். மரத்தை முதலில் பருமனாகக் கடைந்து, சில மாதங்கள் உலரவிட்டு, பின்னர் இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். நான் கொள்வனவு செய்யும் போது மூடியை நான்கு பக்கமும் திருப்பிப் பொருத்திப் பார்ப்பேன். ஒரு நிலையில் இறுகி, மறு நிலையில் தளர்ந்தால் பெட்டி வட்டம் இழந்துவிட்டது என்பது தெளிவு.

இரண்டாவது, மரத்தின் இனம். நுணுக்கமான வெட்டுக்குப் புளியமரத்தின் வைரம் போன்ற கடினமான மரம் வேண்டும். மென்மையான மரத்தில் நார் கிளம்பும். கருங்காலி போன்ற மரங்களை எடுத்துச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவை. பத்திரமில்லாத மரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, நிறம். பழைய முறையில் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்பட்டன. ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்செனிக். இவை உணவு வைக்கும் பெட்டிக்கும் சிறுவர் பொருட்களுக்கும் ஆகாதவை. அமெரிக்காவில் 2009 முதல் சிறுவர் பொருட்களின் பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்கள் எந்த நிறப்பொடி பயன்பட்டது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

கணக்கு பார்ப்போம்

வெறும் உதாரணமாக ஒரு கணக்கு. மரம் 200 ரூபா, அரக்கும் நிறமும் 150, ஒரு மணி நேரக் கூலி 500, மின்சாரமும் கருவித் தேய்மானமும் 100. மொத்தம் 950 ரூபா. பத்தில் ஒன்று பழுதானால், நல்ல பெட்டி ஒன்றின் அடக்கவிலை சுமார் 1,056 ரூபா. அலங்கார வெட்டுக்கு மேலும் அரை மணி நேரக் கூலி 250, கருவிக்கு 50 எனச் சேர்த்தால் 1,250. பழுது நீங்கலாக அடக்கம் சுமார் 1,389. வித்தியாசம் 333 ரூபாதான். வாடிக்கையாளர் அலங்காரத்திற்கு அதைவிடக் கூடுதலாகத் தருவாரா என்பதை 20 பெட்டிகளை விற்றுப் பார்த்தே அறியலாம். 200 பெட்டிகளுக்கு முதலிட்ட பிறகு அறியக் கூடாது.

சந்தையும் நம்பிக்கையும்

சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்புவது ஆபத்து. 2018இல் சுமார் 23 இலட்சம் பேர் வந்த நாட்டிற்கு 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவானோரே வந்தனர். 2024இல் அந்தத் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடையைத் தாங்குவது உள்ளூர்த் தேவையே. திருமண அன்பளிப்பு, நகைப் பேழை, அத்தர் போத்தல் பெட்டி, நிறுவனங்களின் நினைவுப் பரிசு என நம் சமூகத்திலேயே இதற்கான தேவை இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் வர்ணம் தெளித்த பெட்டியை 'கண்டிக் கைவேலை' என விற்பவர்களும் உள்ளனர். அது வாங்குபவரை ஏமாற்றுவதோடு பக்கத்துக் கிராமத்துக் கைவினைஞனின் பிழைப்பையும் பறிக்கிறது. 2018 மார்ச்சில் திகனயிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்த வன்செயல்களில் நமது கடைகள் எரிந்தன. அதன் பின் இனங்களுக்கிடையிலான உறவு பற்றிப் பல மேடைகளில் பேசப்பட்டது. சிங்களக் கைவினைஞனும் முஸ்லிம் வியாபாரியும் ஆண்டாண்டாகக் கணக்குத் தீர்த்து, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் கொடுக்கல் வாங்கல் அந்தப் பேச்சுகளைவிட உறுதியானது என்பது என் அபிப்பிராயம்.

செய்யக் கூடியவை

1. கட்டளையை எழுத்தில் கொடுங்கள்: அளவு, மரம், நிறம், எண்ணிக்கை, தவணை.
2. மரம் வாங்குவதற்கான முற்பணத்தைக் கட்டளையோடு கொடுங்கள். பொருளைக் கடனுக்கு எடுத்து, விற்ற பின் பணம் தரும் முறை கைவினைஞனை வட்டிக்காரனிடம் அனுப்பிவிடும்.
3. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையையும், வடிவமைப்புக்குத் தேசிய வடிவமைப்பு நிலையத்தையும் அணுகுங்கள்.
4. பெட்டியின் அடியில் கிராமத்தின் பெயரைப் பொறிக்கச் செய்யுங்கள். கர்நாடகத்தின் சென்னப்பட்டணம் அரக்குப் பொம்மைகள் ஊர்ப் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றன.

முதற்படியாக, அடுத்த முறை திகன வீதியில் போகும் போது மெனிக்கின்னப் பக்கம் திரும்பி, ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்று வேலையைப் பாருங்கள். விலை பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.