மொகிலி ஏற்றத்துக்கு முன்: பழைய காரின் ரேடியேட்டரைச் சோதிக்கும் முறை

ஷெட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகாத ரேடியேட்டர், சித்தூரிலிருந்து பங்காருபாளையம் தாண்டி மொகிலி மலைப்பாதை ஏறும்போது ஒழுகும். செம்பு, பித்தளைத் தகடுகளைச் சேர்க்கும் ஈயப் பற்று, சூடும் குலுக்கலும் சேர்ந்தால்தான் விடும். 1901 மெர்சிடிஸுக்கு மேபாக் செய்த தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். அத்தனையும் ஈயப் பற்றில் நின்றன. ஆகவே சோதனையைப் படிப்படியாகக் கடுமையாக்குங்கள்.

முதலில் ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாய் வழியே தண்ணீர் விட்டு எதிர்த்திசையில் கழுவுங்கள். பிறகு நிமிர்த்தி, மேலே ஒரு வாளி தண்ணீரை மடமடவென ஊற்றுங்கள். ஊற்றும் வேகத்தில் கீழே இறங்காமல் மேலே தேங்கினால் உள்ளே அடைப்பு. ஃபோர்டு மாடல் டி-யில், தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானாக மேலேறித்தான் சுற்றும். சிறு அடைப்பும் அதற்குப் பெரிது.

அடுத்தது அழுத்தம். பஞ்சர் கடை கம்ப்ரசரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். இந்த ரேடியேட்டர்கள் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. வழிந்தோடும் குழாய் உட்பட எல்லா வாய்களையும் ரப்பர் தக்கையால் அடையுங்கள். ஒரு தக்கையில் மட்டும் துளையிட்டு ஓஸ் செருகி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்படி முழுக்க நீர் நிரப்பி, ஓஸின் மறுமுனையை 2 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டு அழுத்தம் கிடைக்கும், அதற்கு மேல் போகவே போகாது. வெளிப்பக்கம் துடைத்து உலர்த்தி, பற்றுகளின் மேல் சுண்ணாம்புக்கட்டித் தூள் தூவுங்கள். ஒரு மணி நேரத்தில் எங்கே தூள் ஈரமாகிறதோ, அங்கே பற்று வைக்க வேண்டும்.

வண்டியில் மாட்டிய பின், இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு முழுக்க ஆறவிடுவதை ஐந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றுகளைப் பாருங்கள். பச்சைக் களிம்பு தென்பட்டால் அங்கே கசிவு. சூட்டில் மூடியைத் திறக்கவோ பச்சைத் தண்ணீர் ஊற்றவோ கூடாது.

இனி மொகிலி. கிளம்பும் முன் ஸ்பார்க் லீவரைச் சரிபாருங்கள். ஸ்பார்க் தாமதமானால் இன்ஜின் கொதிக்கும், பழி ரேடியேட்டர் மேல் விழும். நீர்மட்டத்தைக் குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். லாரிகள் நிறைந்த பாதை என்பதால் விடியற்காலையில் ஏறுவது நல்லது. சுமார் 680 மீட்டர் உயரத்துப் பலமனேரில் தண்ணீர் ஏறத்தாழ 98 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேலே போய் ஆறவிட்டு, குறைந்த நீரை அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் ஏறுங்கள். ஒழுகல் இல்லாமலே இரண்டு நாளும் நீர் வெகுவாகக் குறைந்தால் அடைப்பு இன்னும் மிச்சம். மேல் டேங்கைப் பிரித்து டியூப்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தேன்கூடு வகையில் கம்பி நுழையாது. மருந்து ஊற்றிக் கரைத்துப் பார்த்து, சரியாகாவிட்டால் ரேடியேட்டரின் ‘கோர்’ பகுதியையே மாற்ற வேண்டியதுதான்.