கினிப்பன்றிக்கு ஒரு துணை



வகுப்பு இடைவேளையிற் பிள்ளைகள் பேசிக்கொள்வதைச் சற்றே செவிமடுத்தால், சீசாவின் தொடர்மாடிகளில் நம்மவர் வீடுகள் சிலவற்றிற் கினிப்பன்றி வளர்வது தெரியவரும். நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் இடங்கொடார். பூனை பலகணியிலிருந்து பாய்ந்துவிடும் என்று தாய்மார் அஞ்சுவர். ஆதலின், குரைக்காத, கடிக்காத, புல் தின்னும் இச்சிறு பிராணி பல வீடுகளுக்குப் பொருந்தி வந்திருக்கின்றது. இம்மலருக்கு இலக்கணக் கட்டுரை ஒன்று எழுதவே நாம் எண்ணியிருந்தோம். ஆயினும் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி எம் மனத்தை விட்டு அகலவில்லை. "சேர், வீட்டில ஏற்கெனவே ஒண்டு நிக்குது. இன்னொண்டு கொண்டுவந்தா சண்டை பிடிக்குமா?" பிடிக்கும். அதை நாம் பட்டறிந்தோம். அப்பாடத்தையே இங்கு தருகின்றோம்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது. இத்தாலியர் இதனைப் 'போர்ச்செல்லீனோ தீந்தியா' என்பர். 'இந்தியப் பன்றிக்குட்டி' என்பது பொருள். ஜேர்மன் மொழியில் இது 'கடற் சிறுபன்றி'. ஆங்கிலேயரும் அவர் வழிவந்த நாமும் 'கினிப்பன்றி' என்கிறோம். உண்மையில் இது இந்தியாவைச் சேர்ந்ததுமன்று, ஆபிரிக்கக் கினியைச் சேர்ந்ததுமன்று, பன்றியுமன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறிக்கும் பிராணிகளின் வரிசையில் அடங்குவது. இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாடு. அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதனை உணவுக்காக வளர்த்து வருகின்றனர். பெரு நாட்டின் குஸ்கோ நகரப் பேராலயத்திலுள்ள இறுதி இராவுணவு ஓவியத்தில், இயேசுவின் முன் வைக்கப்பட்ட தட்டிற் கிடப்பது கினிப்பன்றியே என்பர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தபின் இது செல்லப் பிராணியாயிற்று. அமெரிக்காவை 'இந்தியா' என்று மயங்கிய கொலம்பஸ் காலத்து வழக்கே பெயரிலுள்ள 'இந்தியா'வுக்குக் காரணம் எனலாம்.

வன்னியில் விஞ்ஞானம் கற்பித்த நாள்களில் நாம் கினிப்பன்றியைப் படத்திற்கூடச் சரியாகக் கண்டதில்லை. விற்றமின் சீ பற்றிய பாடத்தில் மட்டும் அதன் பெயரைச் சொல்வோம். பெரும்பாலான விலங்குகள் அவ்விற்றமினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அது இயலாது. 1907 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ற், ஃபுரோலிக் இருவரும், தானியம் மாத்திரம் உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கேவி நோய் உண்டாவதைக் கண்டனர். விற்றமின் சீயின் வரலாற்றில் அஃது ஒரு திருப்பம்.

அந்தீசு மலைநாட்டில் இதன் காட்டினங்கள் சிறு கூட்டங்களாகவே வாழ்கின்றன. தனிமை இதற்கு இயல்பன்று. சுவிற்சர்லாந்தில் வாழும் எம் மைத்துனர் இதனைத் தொலைபேசியிற் கூறியபோது முதலில் நாம் நகைத்தோம். அங்கே 2008 செப்ரெம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டவிதியின்படி, கினிப்பன்றியைத் தனியே வளர்த்தல் ஆகாது. குறைந்தது இரண்டேனும் சேர்ந்திருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று இறந்துவிட்டால், எஞ்சியதற்குத் துணையாக இன்னொன்றை இரவலாகக் கொடுப்போரும் அங்கு உளர். "மனிசருக்கே துணை இல்லாத காலத்திலயோ!" என்றார் எம் இல்லத்தரசியார்.

பின்னர் நாமே நகைக்க முடியாத நிலைக்கு ஆளானோம். எம் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் வளர்ந்தன. ஒன்று மணி, மற்றையது அதன் தங்கை. 2023 யூலை மாத இறுதியிற் பலெர்மோவைச் சூழ்ந்த மலைகள் தீப்பற்றி எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விமான நிலையமும் சில மணி நேரம் மூடப்பட்டது. சீரொக்கோ காற்று அனலாய் வீசிய அந்நாளில் எங்கள் மாடியில் மின்சாரம் நின்றுபோயிற்று. நாம் வேலை முடிந்து வீடு வந்தபோது தங்கை இறந்து கிடந்தது. கினிப்பன்றிக்கு வியர்வை இல்லை. வெப்பம் 26 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது துன்புறத் தொடங்கும். எம் வீட்டிலிருந்து சில நிமிட நடையில் நிற்கும் சீசா மாளிகையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நோர்மன் அரசருக்காகக் கட்டியோர், கடற்காற்று நுழையும் வளைவுகளையும் உள்ளே நீரோடும் மண்டபத்தையும் அமைத்து வெயிலை வென்றனர். நாமோ சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

அதன்பின் மணி பெட்டியின் மூலையை விட்டு அசையவில்லை. தோடம்பழத் தோலின் மணத்துக்கே கீச்சிட்டு ஓடிவரும் பிராணி, கறிமிளகாயையும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்தோம். 950 கிராம் இருந்தது, மூன்று வாரத்தில் 860 கிராம் ஆயிற்று. கினிப்பன்றியின் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தாலே உயிருக்கு ஆபத்து. எம் மகள் இரவிற் பெட்டிக்கருகே பாய் விரித்துப் படுத்தாள்.

செப்ரெம்பரிற் கடையொன்றிலிருந்து இரண்டு குட்டிகளை வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். இரண்டும் பெண் என்றார் கடைக்காரர். அன்று மாலையே, மகிழ்ச்சி மிகுதியால், இரண்டையும் மணியின் கூட்டுக்குள் இறக்கினோம். இதுவே எம் பெரும் பிழை. வீட்டுக்குள் அந்நியர் திடீரெனப் புகுந்ததாகவே மணி கொண்டது. பற்களை நெறுநெறுவென்று கடித்தது, உடல் மயிரைச் சிலிர்த்தது, பாய்ந்தது. ஒளிவதற்கு இருந்த ஒரேயொரு மரக்கூட்டுக்கும் ஒரே வாசல். அதற்குள் அகப்பட்ட குட்டியின் காது கிழிந்து இரத்தம் வடிந்தது. நாம் கையை நுழைத்துப் பிரிக்கப்போய் விரலிலும் கடி வாங்கினோம்.

மறுநாள் மிருக வைத்தியரிடம் சென்றோம். காதைத் துடைத்து மருந்திட்டவர், குட்டியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். காது கிழிந்தது ஆண்! வயது ஆறு வாரம். ஆண் குட்டிகள் மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறலாம். மணிக்கோ இரண்டு வயது கடந்துவிட்டது, ஒருமுறையேனும் ஈன்றதில்லை. ஏழெட்டு மாத வயதுக்குள் முதற்பேறு நிகழாத கினிப்பன்றிக்கு இடுப்பெலும்பின் பொருத்து விரியாமல் இறுகிவிடக்கூடும். பின்னர் அது கருவுற்றாற் குட்டி வெளிவர இயலாது தாயும் இறக்க நேரலாம். அந்தக் காதுக்காயம் இல்லையேல் நாம் வைத்தியரிடம் சென்றிருக்கவே மாட்டோம். பெண் குட்டி கருவுற்றிருக்குமோ என்ற அச்சம் வேறு. கருக்காலம் ஏறத்தாழ 68 நாள். பத்து வாரம் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நற்காலமாக ஒன்றும் நிகழவில்லை.

ஆதலின் பெற்றோர்களே, புதியதை வாங்கியதும் முதற் செலவு வைத்தியருக்கே ஆகட்டும். பெண்ணோடு பெண் இசையும். விதைநீக்கஞ் செய்த ஆணொன்று பெண்களோடு மிக நன்றாக இசையும். இரண்டு ஆண்கள், அருகிற் பெண் இல்லாதவிடத்தும் இடம் தாராளமாய் உள்ளவிடத்தும், இசைந்து வாழலாம். விதைநீக்கஞ் செய்த பின்னரும் ஆறு வாரம்வரை கருவூட்டும் ஆற்றல் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் அதுவரை பிரித்தே வைத்தல் வேண்டும்.

வைத்தியர் சொன்னவாறு குட்டிகளை வெவ்வேறு பெட்டிகளில், மணி இல்லாத அறையில் மூன்று வாரம் வைத்தோம். சளி, பேன், படர்தாமரை முதலியன இருந்தால் அக்காலத்துள் வெளிப்பட்டுவிடும். முதலில் மணிக்கு உணவு வைப்போம், பின்னர் குட்டிகளுக்கு, அதன்பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவோம். நோயில்லை என்று தெளிந்தபின், கடைசி சில நாள்கள் குட்டி படுத்த துணியை மணியிடமும் மணியின் துணியைக் குட்டியிடமும் மாற்றி வைத்தோம். முகத்தைக் காணுமுன் மணத்தை அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

சந்திப்புக்கு ஒரு விடுமுறை நாட் காலையைத் தெரிந்தோம். மணிக்கும் குட்டிக்கும் உரிமையில்லாத இடமாக வரவேற்பறைத் தரையைக் கொண்டோம். அங்கே பழைய போர்வையை விரித்து நான்கு புறமும் அடைத்தோம். காட்போட் பெட்டிகள் மூன்றை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வெட்டிக் கவிழ்த்தோம். முன்னாலே துரத்தினாற் பின்னாலே ஓட வழி இருத்தல் வேண்டும். உலர்புல்லை ஒரே குவியலாகப் போடாது நான்கைந்து இடங்களிற் பரப்பினோம். உணவும் நீரும் இரண்டிரண்டு இடங்களில். பின்னர் இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டு நாம் தரையில் அமர்ந்தோம். கையில் ஒரு தடித்த துவாய், சண்டை மூண்டாற் போர்த்துப் பிரிப்பதற்கு.

குட்டி அசையாது சுவரோரம் ஒட்டிக்கொண்டது. புதிய இடத்திற் கால் வைத்த எவரும் முதலிற் சுவரைத்தான் தேடுவர். இந்நகரில் வந்திறங்கிய முதல் மாதத்தில் நாமும் அவ்வாறே இருந்தோம். மணி முகர்ந்தது, உறுமியபடி பின்புறத்தை ஆட்டி ஆட்டி அதனைச் சுற்றி நடந்தது, மேலேறியது, துரத்தியது. மகள் அழத் தொடங்கினாள். இவையெல்லாம் சண்டையல்ல. யார் மூத்தவர் என்று தீர்மானிக்கும் பேச்சுவார்த்தை. இந்த இடத்திற் பிரித்துவிட்டால் அடுத்த நாள் முதலடியிலிருந்து தொடங்க நேரும். பல்லை நெறுநெறுத்தல், கொட்டாவி விடுவதுபோற் பல்லைக் காட்டல், தலையை உயர்த்தி எதிரெதிரே நிற்றல் ஆகியவை எச்சரிக்கைகள். விழிப்போடு பார்த்திருக்க வேண்டும். இரண்டும் உருண்டு புரண்டு கடித்தாலோ இரத்தங் கண்டாலோ உடனே பிரித்தல் வேண்டும்.

மூன்று மணி நேரஞ் சென்றது. குட்டி மணியின் வாயிலிருந்த உலர்புல்லின் மறுமுனையைப் பற்றி இழுத்துத் தின்றது. மணி விட்டுக்கொடுத்தது. மாலையில் இரண்டும் அருகருகே படுத்தபின், கூட்டை நன்கு கழுவிப் பழைய மணம் நீக்கி, பெட்டிகளை இடம் மாற்றி வைத்து உள்ளே விட்டோம். ஆணுக்குச் சிகிச்சை நடந்து ஆறு வாரம் கழியும்வரை அது கம்பி வலைக்கு அப்பால் இருந்தது. 2024 தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறன்று அதே போர்வையில், அதே முறையில் அதனையும் சேர்த்தோம். காதைக் கிழித்த மணியின் முன் அது தலை தாழ்த்தியே நின்றது. அரை மணி நேரத்திற் காரியம் முடிந்தது.

பிள்ளைகள் சிலர் முயலோடு சேர்த்து வைக்கலாமா என்று கேட்கின்றனர். ஆகாது. முயலின் உதை கினிப்பன்றியின் எலும்பை முறிக்கும். முயலைத் துன்புறுத்தாத கிருமி சில இதற்கு நுரையீரல் நோயைத் தரும்.

உணவில் உலர்புல்லே பெரும்பங்கு. பற்கள் ஓயாது வளர்வதால் அதனை மென்று தேய்த்துக்கொள்ளும். விற்றமின் சீ நாளொன்றுக்குக் கிலோ நிறைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். பல்லாறோ சந்தையில் வாங்கும் சிவந்த குடைமிளகாயின் ஒரு துண்டே பெரும்பாலும் அதற்குப் போதும். சோறு, பாண், வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுக்கலாகாது; அம்மம்மாமார் இதனைக் கவனிக்க. கோடையில் ஈரத் துணி போர்த்திய குளிர்ந்த நீர்ப் போத்தலைக் கூட்டுக்குள் வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்து, நிறையைக் கொப்பியில் எழுதுங்கள்.

எம் வீட்டுக் கொப்பியில் மணியின் நிறை, அந்தத் தைமாதக் கடைசி ஞாயிறன்று, 940 கிராம்.