ஊர்தி இல்லமும் கழுநீரும்

இல்லம் என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்றே நாம் எண்ணுகிறோம். அமெரிக்க நாட்டிலோ, சமையலறையும் படுக்கையறையும் குளியலறையும் கொண்டு, நெடுஞ்சாலைகளில் விரைந்து செல்லும் இல்லங்களும் உண்டு. அவற்றை ஊர்தி இல்லங்கள் எனலாம். விடுமுறை நாள்களில் மக்கள் குடும்பத்துடன் அவற்றில் ஏறி, மலைகளையும் கானகங்களையும் கண்டு மகிழ்வர். செல்லும் இடமெல்லாம் இல்லம் உடன் வருதல் இன்பமே. ஆயின், இல்லத்தின் கழிவும் உடன் வருமன்றோ?

ஊரிலுள்ள வீட்டில் கழுவிய நீர் குழாய் வழியே ஓடி மறைகின்றது. அது எங்குச் சென்றது என்று எவரும் வினவுவதில்லை. ஊர்தி இல்லத்தில் அது மறைய வழியில்லை. அதன் அடிப்பகுதியில் பொதுவாக மூன்று தொட்டிகள் அமைந்திருக்கும். ஒன்று நன்னீர்த் தொட்டி. மற்றொன்று பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் கழுநீர்த் தொட்டி. பிறிதொன்று மலக்கழிவுத் தொட்டி. கழுநீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்வதாயின், அது நிரம்பும்போது நீரின் எடை மட்டும் 150 கிலோகிராம் ஆகும். அதன் பின்னும் நீரைச் செலுத்தினால், அது குளியலறைத் தரையில் எதிரேறி நிற்கும். ஆதலின், அங்கு ஒவ்வொரு குவளை நீரும் எண்ணிச் செலவிடப்படுகின்றது.

கழுநீருக்குப் பெரும்பகை எண்ணெய்ப் பசையும் உணவுத் துணுக்குமே ஆகும். பசை குளிர்ந்து உறைந்து குழாயை அடைக்கும். துணுக்குகள் காற்றோட்டமில்லாத தொட்டியில் அழுகும். அப்பொழுது எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டையின் நாற்றமுடையது. இதனைத் தடுக்கும் வழி மிக எளிது. உண்டபின் தட்டுகளைத் தாளால் துடைத்து, அத்தாளையும் எச்சிலையும் குப்பைப் பையில் இட்டுக் கட்டுதல் வேண்டும். கழுவு தொட்டியின் வாயில் நுண்ணிய சல்லடை வைத்தல் வேண்டும். அதன்கீழ் வளைந்த குழாயில் தேங்கும் சிறிது நீரே, வாயு மேலேறாமல் காக்கும் கதவு ஆகும். நெடுநாள் பயன்படுத்தாவிடில் அந்நீர் வற்றிவிடும். அப்பொழுது ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்.

தொட்டிகளை வடிப்பதற்கெனக் குறித்த இடங்கள் வழிநெடுக உள்ளன. அங்கு மலக்கழிவை முதலில் வடித்துப் பின்னரே கழுநீரை வடிப்பர். சோப்பு கலந்த கழுநீர், முன்னது சென்ற குழாயைக் கழுவிச் செல்லும் என்பதே அதன் காரணம். ஒரு கழிவு மற்றொரு கழிவைத் துலக்குவது காண்க!

“சிறிது கழுநீர்தானே, புல்வெளியில் விட்டால் என்ன?” எனச் சிலர் எண்ணலாம். சிறிதென எண்ணியது பெருந்தீங்காய் விளைந்த வரலாறு ஒன்று உண்டு. 1872-இல் ஏற்பட்ட எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், விடுதிகளின் உணவுக்கழிவு திறந்த கிடங்குகளில் கொட்டப்பட்டது. கரடிகள் அதனை உண்ணப் பழகின. மக்கள் அதனை வேடிக்கையாகக் கண்டனர். பின்னர் அக்கரடிகள் மனிதரை அஞ்சாது அணுகின, மக்கள் காயமுற்றனர், கரடிகள் பல கொல்லப்பட்டன. 1970-ஐ ஒட்டிக் கிடங்குகள் மூடப்பட்டு, கரடிகள் திறக்க இயலாத குப்பைத் தொட்டிகள் வைக்கப்பட்டன. கழுநீரும் உணவின் மணம் உடையதே. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில், ஊர்திக் கழிவை உரிய இடமன்றிப் பிற இடத்தில் வடித்தல் சட்டத்திற்கு மாறானது.

தான் உண்டாக்கிய கழிவைத் தானே சுமந்து சென்று, உரிய இடத்தில் சேர்ப்பவன், தனக்குப் பின் வருவோருக்கு நிலத்தையும் நீரையும் தூய்மையாக விட்டுச் செல்கின்றான். ஊர்தி இல்லம் கற்பிக்கும் இப்பாடம், நிலைத்து நிற்கும் இல்லத்தில் வாழ்வோர்க்கும் உரியதாகும்.

வினாக்கள்

1. வளைந்த குழாயில் தேங்கும் நீரின் பயன் யாது?
2. கழுநீரை இறுதியில் வடிப்பது ஏன்?
3. எல்லோஸ்டோன் கரடிகள் கெட்டது எவ்வாறு? விளக்கி எழுதுக.